கொண்டை ஊசி வளைவு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்தச் சொல்லை 14 முறை படித்துவிடலாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 முறை. பலகையில்தான் இது கொண்டை ஊசி. பேச்சில் எங்களுக்கு 'ஹேர்பின்'. "ஒன்பதாவது ஹேர்பின்ல லாரி நிக்குது" என்றால் போதும், எவ்வளவு நேரம் தாமதம் என்று பஸ்ஸே கணக்குப் போட்டுவிடும்.

கம்பியை நடுவில் மடித்து, இரண்டு காலும் அருகருகே நிற்கும்படி செய்ததுதான் கொண்டை ஊசி. ஏறக்குறைய 180 டிகிரி திரும்பி, வந்த திசையையே பார்க்கும் சாலைக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்திலிருந்து நேராக வந்த மொழிபெயர்ப்புதான், ஆனால் அப்படித் தெரியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களும் ஊசி என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சு பேசும் மாண்ட்ரியலின் கார் பந்தயத்தடத்தில் ஒரு வளைவின் பெயரே 'லெபாங்கிள்'. சிலர் 'ஊசி வளைவு' என்று சுருக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கொண்டையை எடுத்துவிட்டால் ஊசி நிமிர்ந்துவிடும்.

மலையில் ஏற்றத்தைத் தணிக்க வந்த வளைவு இது. இங்கே முந்தக் கூடாது. பஸ் வெளிப்பக்கம் ஒதுங்கி, செகண்ட் கியரில் சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பும். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டும்.

பந்தயத்தடத்தில் கதையே வேறு. அங்கே முந்துவதற்காகவே இதை வைக்கிறார்கள். 300 கி.மீ. வேகத்தில் வரும் கார் இந்த வளைவுக்காக 70, 80க்கு இறங்கியாக வேண்டும். பிரேக்கை ஒரு கணம் தாமதமாக மிதிப்பவர் உள்பக்கம் மூக்கை நுழைத்துவிடுவார். ஆனால் அவர் வெளியேறும்போது அகலமாகப் போய்விட்டால், வெளிப்பக்கம் இருந்தவர் குறுக்கே வெட்டி மறுபடி முந்தலாம். இன்னொன்று: வேகமான வளைவில் முன்கார் கலைத்துவிட்ட காற்றில் பின்கார் பிடிமானம் இழந்து பின்தங்கும். மெதுவான வளைவில் அந்தத் தொல்லை குறைவு, ஒட்டியே வரலாம்.

அதற்காக வளைவு மட்டும் போதாது. மொனாக்கோவின் கொண்டை ஊசி பார்முலா 1 கார் பந்தயத்திலேயே மெதுவான வளைவு. ஸ்டியரிங் அதிகம் திரும்பும்படி காரையே மாற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆனாலும் முந்துவது அபூர்வம். அதற்கு முன்னால் நீண்ட நேர்த்தடம் இல்லை, அகலமும் இல்லை. அபுதாபியில் நேர்த்தடம் இருந்தது. அதற்கு முந்தைய கொண்டை ஊசியின் வாசலில் சிகேன் என்ற சிறு நெளிவை வைத்து கார்களைப் பிரித்துவிட்டார்கள். 2010இல் முன்னால் போன ஓட்டுநர் பெட்ரோவைத் தாண்ட முடியாமல் அலோன்சோ உலகப் பட்டத்தையே இழந்தது அந்தத் தடத்தில்தான். 2021இல் சிகேனை எடுத்துவிட்டு வளைவை அகலப்படுத்தினார்கள்.

சிகேனையும் கொண்டை ஊசி என்று எழுதுபவர்கள் உண்டு. அது இடமும் வலமுமாக ஒடியும் நெளிவு. 'நெளிவளைவு' என்றால் பொருந்தும்.