மூக்குச்சளிப் பழத்தின் வலை

வேலியோரக் கொடி ஒன்றைப் படம் பிடித்து அனுப்பி, "சித்தர்கள் மறைத்து வைத்த ஆஸ்துமா மருந்தாமே, காய்ச்சிக் குடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். படத்தில் இருப்பது சிறுபூனைக்காலி. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பறித்துத் தின்றவர்களுக்கு மூக்குச்சளிப் பழம் என்றால்தான் தெரியும். பழத்தைப் பிதுக்கிப் பார்த்தவர் யாரும் பெயர்க்காரணம் கேட்பதில்லை.

இதன் சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. கொலம்பஸ் கப்பலேறிய 1492-க்கு முன் நம் மண்ணில் இந்தக் கொடி கிடையாது. பழைய சித்தர்கள் இதை எங்கே போய் மறைத்து வைப்பார்கள்? பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, இன்று ஆசியா, வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் என்று பல இடங்களில் களையாகப் படர்ந்து கிடக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது காயைப் பொதிந்திருக்கும் பச்சை வலைதான். அது மூன்று பூவடிச் செதில்கள். ஒவ்வொன்றும் பாசி போல நுணுக்கமாகக் கிளைத்திருக்கும். கைலென்ஸில் பாருங்கள்: கிளை நுனிதோறும் ஒரு குட்டி உருண்டை, அதன்மேல் மினுங்கும் ஒரு சொட்டுப் பசை. விரலால் தொட்டால் பிசுபிசுக்கும், ஒரு மாதிரி நாறும். மொட்டையோ காயையோ கடிக்க வரும் எறும்பு அந்தப் பசையில் கால் வைக்கிறது. ஒரு காலை இழுக்க இன்னொன்று ஒட்டுகிறது. திமிறத் திமிற உடம்பெல்லாம் பசை. அந்தப் பசையைச் சோதித்த இந்திய ஆய்வாளர்கள் மூவர், புரதத்தைச் சிதைக்கும் நொதி அதில் இருப்பதாக 1995-இல் எழுதினார்கள். அதாவது காவலுக்குப் போட்ட வேலி, சிக்கியதைச் செரிக்கவும் செய்கிறது! அப்படிக் கிடைக்கும் சத்து கொடிக்கு எவ்வளவு உதவுகிறது என்று அளந்து பார்க்கலாம். ஆனால் வேலியோரக் களைக்கு யார் நிதி தருவார்கள்? 'அதிசய மூலிகை' என்று தலைப்பு வைத்தால் ஒருவேளை கிடைக்கும்.

மருந்தாகப் பயன்படுத்துவது கட்டுக்கதை அல்ல. பிரேசிலில் தோல் வீக்கத்துக்கு இலையை அரைத்துப் பற்றுப் போடுகிறார்கள். நம் ஊரிலும் தலைவலிக்கு இலையைத் தலையில் வைப்பதும், மூச்சிளைப்புக்குக் கஷாயம் வைப்பதும் உண்டு. கொடி இங்கே வந்தபின் நம் மக்களிடம் வந்த பழக்கங்கள் அவை. ஆனால் இலையிலும் பச்சைக் காயிலும் சயனைடு தரும் சர்க்கரைச் சேர்மங்கள் உள்ளன. செல்லுக்குள் சேர்மம் ஓர் அறையில், அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்தில். கடித்தாலோ கசக்கினாலோ இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியாகிறது. இலைக்கு இலை அளவும் மாறும். ஆகவே, வாசகரே, காய்ச்சிக் குடிக்க வேண்டாம். நன்றாகப் பழுத்த மஞ்சள் பழம் என்றால் தாராளமாகத் தின்னுங்கள்.

இத்தனை காவலையும் மீறி இந்த இலையைத் தின்றே வளர்கிறது ஒரு முட்கம்பளிப்புழு. அதுதான் பிறகு செம்பழுப்புச் சிறகில் கரும்புள்ளிகளோடு தாழப் பறக்கும் டானி காஸ்டர் பட்டாம்பூச்சி. இந்தியா, இலங்கைப் பக்கத்து இந்தப் பூச்சி தென்கிழக்காசியா வழியாகப் பரவி, 2012-இல் ஆஸ்திரேலியாவையே எட்டிவிட்டது. அங்கே அதற்குச் சாப்பாடு போடக் காத்திருந்த செடிகளில் இதே அமெரிக்கக் கொடியும் ஒன்று.