ஸ்டைல்: எழுத்தாணியில் தொடங்கிய சொல்

படம் வரையப் பழகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதில் முதலிடம் இந்தக் கேள்விக்குத்தான்: "அண்ணா, என்னோட ஸ்டைலை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" எந்தத் தூரிகை வாங்கலாம், எந்தத் தாள் மை ஊறாமல் நிற்கும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஸ்டைல் என்பதற்குத் தமிழில் என்ன என்று பார்த்துச் சொல்லலாமே என்று உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க, உறுத்தலெல்லாம் அந்தக் 'கண்டுபிடிக்கிறது' என்ற சொல்லில்தான் இருக்கிறது என்று தோன்றிவிட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஸ்டைல் நம் வாயில் நன்றாகப் புழங்கும் சொல்தான், ஆனால் வேறு பொருளில். கூலிங் கிளாஸைச் சுழற்றிப் போட்டால் ஸ்டைல். ஓட்டல் பலகையில் 'செட்டிநாடு ஸ்டைல்'. முன்னதை மிடுக்கு, தோரணை என்று சொல்லிவிடலாம். பின்னதற்குப் பக்குவம் என்ற அருமையான சொல் இருக்க, பலகை எழுதியவருக்கு ஏனோ அது நினைவுக்கு வரவில்லை. ஓவியரின் ஸ்டைல் இந்த இரண்டிலும் சேராது. மூலையில் கையொப்பம் இல்லாவிட்டாலும் படத்தைப் பார்த்ததும் 'இது இன்னார் போட்டது' என்று சொல்ல வைக்கிறதே, அதுதான் இங்கே பேச்சு. கோடு எங்கே தடிக்கிறது, எங்கே இழையாகிறது, எந்த நிறத்தின் பக்கத்தில் எதை வைக்கிறார், எதை வரையாமலே விட்டுவிடுகிறார் என்பதெல்லாம் சேர்ந்த ஒன்று.

சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'ஸ்டிலுஸ்'. ரோமானியர்கள் மரப்பலகையில் மெழுகு பூசி அதன்மேல் கீறி எழுதினார்கள். கீறுகிற கருவிக்குத்தான் அந்தப் பெயர். ஒரு முனை கூராக இருக்கும், மறுமுனை தட்டையாக இருக்கும். தவறாக எழுதிவிட்டால் கருவியைத் தலைகீழாகப் பிடித்து, தட்டை முனையால் மெழுகைத் தேய்த்துச் சமன் செய்துகொள்வார்கள். 'ஸ்டிலுஸைத் திருப்பு' என்றாலே 'எழுதியதைத் திருத்து' என்று பொருள். கருவியின் பெயர் எழுதும் விதத்துக்கு ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு ஓவியம், கட்டடம், உடை என்று எல்லாவற்றுக்கும் பரவியது. ஆங்கிலத்தில் அதை 'ஐ' போடாமல் 'ஒய்' போட்டு எழுதுவது, தூணைக் குறிக்கும் 'ஸ்டூலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லோடு யாரோ முடிச்சுப் போட்டதால் வந்த பிழை. பிழையே நிலைத்துவிட்டது.

ஆக, ஸ்டைல் என்பதற்கு எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் எழுத்தாணி. சிரிப்பு வரலாம். ஆனால் ஓலையில் எழுதிய நம்மவர்களுக்கு அது உடனே விளங்கியிருக்கும். கருவியும் எழுதுபரப்பும் எழுத்தின் உருவத்தையே மாற்றிவிடும் என்பதை அவர்கள் கையால் அறிந்தவர்கள். ஆணியை அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். அந்நாளில் 'எ', 'ஒ' இரண்டையும் குறில் என்று காட்டியதே மேலே வைக்கும் புள்ளிதான். அது போனதும் 'எ'வா 'ஏ'வா, 'ஒ'வா 'ஓ'வா என்று படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வர வேண்டியிருந்தது. ஓலை நார் கிழியாமல் இருக்க ஆணி வளைந்து வளைந்து போனது. எழுதியவர் யாரும் 'வளைவாக எழுதுவதே என் ஸ்டைல்' என்று தீர்மானித்து உட்காரவில்லை.

ஐரோப்பாவில் ஓவியர்களைப் பற்றிப் பேசும்போது வெகுகாலம் புழங்கியது இன்னொரு சொல். 1550இல் இத்தாலிய ஓவியர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்து அச்சிட்ட வசாரி, 'மனியேரா' என்று எழுதினார். அதன் வேர் 'மானோ', அதாவது கை. ஒரு சொல் கருவியைப் பிடித்துக்கொண்டது, இன்னொன்று கையைப் பிடித்துக்கொண்டது.

சரி, தமிழுக்கு வருவோம். எல்லாரும் முதலில் சொல்வது பாணி. இந்தச் சொல்லை அகராதியில் பிரித்தால் கூட்டமாக வந்து நிற்கும்: கை, தாளம், இசை, காலம், நீர். கல்யாணப் பத்திரிகையில் வரும் பாணிக்கிரகணத்தில் இருப்பது கை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் 'ஆடலும் பாடலும் பாணியும் தூக்கும்' என்று வரும் பாணி, தாளம். தாளம் போடுவதும் கைதானே. ஸ்டைல் என்ற பொருளில் பாணியைப் பரப்பியது இசையும் நாட்டியமும். பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி, வீணை தனம்மாள் பாணி என்கிறோம். கச்சேரி வட்டாரத்தில் இதன் 'பா'வைப் 'பாக்கியம்' என்பதில் வருகிற மாதிரி கனமாக உச்சரிப்பார்கள். வடக்கே துருபத் என்ற பழைய இந்துஸ்தானி இசைவகையைப் பாடுகிறவர்கள் தங்கள் பிரிவுகளை இதே கனத்த ஒலியோடுதான் பாணி என்கிறார்கள், அங்கே அது பேச்சைக் குறிக்கும் வாணியிலிருந்து வந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பந்தநல்லூர், வழுவூர் இரண்டும் ஊர்கள். பாணி என்றால் ஒரு ஊரிலிருந்தோ ஒரு குருவிடமிருந்தோ வாங்கிக்கொண்டது. ஒருவருக்கே உரியதைச் சொல்ல வேண்டுமானால் 'தனி' என்று முன்னொட்டு வைத்துத் 'தனிப்பாணி' ஆக்குகிறோம். அதனால்தான் 'என் பாணியைக் கண்டுபிடிக்க யாரையும் பார்த்து வரையமாட்டேன்' என்று ஒரு தம்பி சொன்னபோது எனக்குத் திக்கென்றது. சொல்லே ஒப்புக்கொள்ளாத காரியம் அது.

அடுத்தது நடை. எழுத்துக்கு இந்தச் சொல்லை விட்டால் வேறில்லை: உரைநடை, எளிய நடை, கடுநடை. ஓவியத்துக்கு ஏனோ யாரும் போடுவதில்லை. செய்யுள் அழகைப் பேசும் அலங்கார நூல்கள் 'நெறி' என்றும் சொல்லும். தண்டியலங்காரம் வைதருப்பம், கௌடம் என்று இரண்டு நெறிகளைப் பிரிக்கிறது. நெறியும் நடையும் உறவுக்காரர்கள், ஒன்று வழி, மற்றது அதில் போகும் விதம். ஆனால் நெறி என்றதும் இன்றைக்கு ஒழுக்க வகுப்பு ஞாபகம் வந்துவிடுகிறது. ஓவியத்துக்கு வேண்டாம்.

கைவண்ணம் அழகான சொல். விசுவாமித்திரர் இராமனைப் பார்த்து, 'கைவண்ணம் அங்குக் கண்டேன், கால்வண்ணம் இங்குக் கண்டேன்' என்று வியப்பதாகக் கம்பர் வைத்தார். இன்று 'இவர் கைவண்ணத்தில் உருவான' என்று கல்யாண மேடை அலங்காரம் முதல் கேக் வரை எல்லாவற்றுக்கும் போட்டு அதன் சாயம் கொஞ்சம் வெளுத்துவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது, எல்லார் வீட்டிலும் உள்ள கையெழுத்து. ஒருவர் எழுதும் விதத்துக்கும் அதே சொல், அவர் இடும் ஒப்பத்துக்கும் அதே சொல். 'என் கையெழுத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று யாராவது கேட்டால் விநோதமாகப் பார்ப்போம். இரட்டைக்கோடு நோட்டில் டீச்சர் எழுதிக்கொடுத்த 'அ'வையே ஐம்பது பிள்ளைகளும் பார்த்து எழுதுகிறார்கள், பத்தாம் வகுப்பு வருவதற்குள் ஐம்பது கையெழுத்து ஆகிவிடுகிறது.

இப்போது அந்த வினைச்சொல்லுக்கு வரலாம். கண்டுபிடிப்பது என்றால் எங்கேயோ ஒளிந்திருப்பதைத் தேடி எடுப்பது. நம் புழக்கத்தில் இருப்பது வேறு: பாணி அமையும், வேலை பிடிபடும், கை திருந்தும், கலை கைவரும். எல்லாமே பழகப் பழகத் தானாக நடப்பவை. 'சித்திரமும் கைப்பழக்கம்' என்ற ஔவையார் வரியைச் சொல்லாத ஓவிய ஆசிரியர் கிடையாது. ஆனால் எல்லாரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு அடி தள்ளிப் போனால் 'நித்தம் நடையும் நடைப்பழக்கம்' என்று அதே பாட்டில் இருக்கிறது.

கை திருந்த எத்தனை நாள் ஆகும் என்பதற்குக் கே.சி.எஸ். பணிக்கரைச் சொல்வேன். 1911இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகி, அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வரானார். கேரளத்து நீர்க்கரை, தென்னை என்று நீர்வண்ணத்தில் முன்பே பேர் வாங்கியவர்தான். ஆனால் இன்று பணிக்கர் என்றதும் கண்முன் வருகிற 'சொற்களும் குறிகளும்' வரிசையை அவர் தொடங்கியது 1963இல், ஐம்பத்திரண்டு வயதில். ஜாதகக் கட்டம், கணக்கு வாய்ப்பாடு மாதிரி ஒன்று, மீன், பாம்பு, நடுவே வரி வரியாக எழுத்துப் போன்ற கீறல்கள். மலையாளம் போலிருக்கும், வாசிக்கப் போனால் ஒன்றும் பிடிபடாது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பழைய ஓலைச்சுவடியைப் பெரிதாக்கி மாட்டிய மாதிரி. எழுத்தாணி என்ற பொருளுள்ள சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவரும் அவரே.

கே.எம். ஆதிமூலம் வேறு மாதிரி. காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியை மட்டுமே நூறு கோட்டோவியங்களாகப் போட்டார். ஒரே ஆள், ஒரே கறுப்பு மை. நூறு முறை அதே மூக்கையும் அதே கண்ணாடியையும் போட்டால் பார்த்துப் போடுவது எங்கோ நின்றுவிடும், அதற்கு மேல் கை தன் இஷ்டத்துக்குப் போகும். அந்தக் கோடு கிட்டத்தில் பார்த்தால் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். பிற்காலத்தில் அவர் கோட்டைக் கைவிட்டு எண்ணெய் வண்ண அரூபத்துக்குப் போனதும் நினைவில் இருக்கட்டும். பாணி கைவந்துவிட்டது என்பதற்காக அதிலேயே குடியிருக்க வேண்டுமென்று சட்டமில்லை.

என் கதை சின்னது. எனக்கு விரல் வரைய வராது. பள்ளிக்கூட நாளில் ஓவியப் போட்டி ஒன்றில் 'விரலா வெண்டைக்காயா' என்று நடுவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து என் பெண்களின் கை முந்தானைக்குள் போனது, ஆண்களின் கை வேட்டி மடிப்புக்குள், குழந்தைகளின் கை அம்மாவின் தோளுக்குப் பின்னால். பல வருடம் கழித்து, பெயர் போடாமல் வந்த என் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு நண்பர் போனில் கூப்பிட்டார்: "நீங்கதானே போட்டது? கையை ஒளிச்சு வச்சிருக்கே." நான் குறையை மறைத்ததாக நினைத்திருந்தேன். அவர் அதைக் கையெழுத்தாகப் படித்திருக்கிறார்.

எந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்? மரபையோ குருவையோ சேர்த்துச் சொல்லும்போது பாணி. ஒருவருடையது மட்டும் என்றால் தனிப்பாணி, இப்போதைக்குப் பத்திரிகைகளில் அதுதான் செல்லுபடியாகிறது. நான் எழுதுகிற இடத்தில் நடை என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். கை, கைவண்ணம், கையெழுத்து என்று இவ்வளவு நேரம் கையைப் பற்றிப் பேசிவிட்டு ஏன் காலுக்குப் போகிறாய் என்று கேட்பீர்கள். கோபுலுதான் காரணம். விகடனில் மூத்த ஓவியர் மாலி பெயர் சூட்டிய ஓவியர் கோபாலன். குடுமிக்காரர், நாதஸ்வரக்காரர், ரயில் பெட்டிக்கூட்டம் என்று நாலே கோட்டில் ஆளை நிறுத்திய அந்த வலது கை, வயதான காலத்தில் பக்கவாதத்தில் விழுந்தது. அவர் இடது கையால் வரைந்தார். கை மாறியும் அது கோபுலு படமாகவே இருந்தது. தெருமுனையில் முகம் தெரியாத தூரத்தில் வரும்போதே, 'மாமா வர்றார் பாரு' என்று நடையை வைத்துச் சொல்கிறோமே, அந்த மாதிரி.