எட்டு வருஷம் கோப்பை வாங்கியும் ஜார்ஜியா ஏன் ஏறவில்லை?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "2018 முதல் 2025 வரை ஒரு வருஷம் விடாமல் ரக்பி யூரோப் சாம்பியன்ஷிப்பை ஜார்ஜியாதான் ஜெயித்தது. அப்புறமும் ஏன் உலகத் தரவரிசையில் பத்துக்கு வெளியிலேயே சுற்றுகிறது?"

நல்ல கேள்வி. இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், இத்தாலி ஆறும் ஆடுவது சிக்ஸ் நேஷன்ஸ். அதற்கு அடுத்த படியில் ஜார்ஜியா, போர்ச்சுகல், ஸ்பெயின், ருமேனியா என எட்டு நாடுகள் வருஷந்தோறும் மோதுவது இந்தப் போட்டி. கீழே முதலிடம் பிடித்தவர் மேலே போக வழி கிடையாது. போட்டி பற்றி இவ்வளவு போதும், விஷயம் தரவரிசைக் கணக்கில் இருக்கிறது.

2003ல் வந்த முறை அது. சதுரங்க ரேட்டிங்கைத் தந்த இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் ஈலோவின் யோசனைதான் இதற்கும் அடிப்படை. 2022ல் இருந்த விதிகளையே எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியாவுக்கு ரேட்டிங் 74, போர்ச்சுகலுக்கு 68 என்று வசதிக்காக வையுங்கள். ஆட்டம் திபிலீசியில் என்றால் சொந்த மண்ணுக்காக ஜார்ஜியாவுக்கு 3 கூட்டு, வித்தியாசம் 9. அதைப் பத்தால் வகுத்தால் 0.9, ஜார்ஜியாவிடம் கணக்கு எதிர்பார்ப்பது அதுதான். வெற்றிக்கு 1, டிராவுக்கு 0, தோல்விக்கு −1 என்று வைத்து, அதிலிருந்து இந்த 0.9ஐக் கழித்தால் கைமாறும் புள்ளி வந்துவிடும். ஜெயித்தால் ஜார்ஜியாவுக்கு வெறும் 0.1. டிரா ஆனாலே 0.9 போச்சு, 2022 பிப்ரவரியில் போர்ச்சுகலோடு திபிலீசியில் 25-25 என்று முடிந்தபோது ஜார்ஜியாவுக்குப் புள்ளி குறைந்தது இதனால்தான். தோற்றால் 1.9 காலி, அதுவும் ஸ்கோரில் 15க்கு மேல் வித்தியாசத்தில் தோற்றால் ஒன்றரை மடங்கு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று. இதே வித்தியாசத்தில் இருபது ஆட்டம் ஆடி பத்தொன்பதை ஜெயித்தால் சேர்வது 1.9. அந்த ஒரே ஒரு தோல்வியில் போவதும் 1.9! அதாவது இருபதுக்குப் பத்தொன்பது ஜெயிக்கிற அணி, தனக்குரிய இடத்தில் அப்படியே நிற்கும். அதைவிட நன்றாக ஆடினால்தான் நகரும். யாரும் உட்கார்ந்து மார்க் போடவில்லை, கழித்தல் ஒன்றே இதைச் செய்துவிடுகிறது. வித்தியாசம் பத்தைத் தாண்டினால் பத்தாகவே கொள்வார்கள், எனவே நெதர்லாந்தையோ சுவிட்சர்லாந்தையோ ஜார்ஜியா எத்தனை பெரிய ஸ்கோரில் புரட்டினாலும் வருமானம் பூஜ்யம்.

(டிவி ஜோசியர்களுக்கும் இந்த ரேட்டிங்கை வைக்கலாம் என்பது என் ஆசை. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லிப் பலித்தால் 0.1, அடித்துச் சொன்னது பொய்த்தால் 1.9 அபராதம். ஒரே வருஷத்தில் கடையைக் கட்டிவிடுவார்கள்.)

இன்னொரு சிக்கல், ஒருவர் பெறுவதை எதிராளி இழக்கிறார். எட்டு நாடுகளும் தங்களுக்குள்ளேயே ஆடினால் இது ஏலச்சீட்டு மாதிரி: பணம் கை மாறும், மொத்தம் கூடாது. புதுப் புள்ளி வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2022 நவம்பரில் ஜார்ஜியா கார்டிஃபுக்கே போய் வேல்ஸை 13-12 என்று சாய்த்தது; ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்தான், ஆனால் ரேட்டிங்கில் ஒன்றரைக்கு மேல் சேர்ந்தது. சாம்பியன்ஷிப்பில் அதைச் சம்பாதிக்க எத்தனை ஆட்டம் வேண்டும் என்று மேலே உள்ள 0.1ஐ வைத்து நீங்களே பாருங்கள். போர்ச்சுகலும் 2023 உலகக் கோப்பையில் துலூஸில் ஃபிஜியை 24-23 என்று வென்றது. உலகக் கோப்பை ஆட்டத்துக்கு அப்போது இரட்டை மடங்கு வேறு.

ஆகவே கணக்கில் ஓட்டை இல்லை, தரவுதான் போதவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் இடையே ஆட்டங்கள் அரிதாக நடந்தால் ஜார்ஜியா உண்மையில் ஒன்பதாவதா பன்னிரண்டாவதா என்று எந்தச் சூத்திரத்தாலும் சொல்ல முடியாது. "தரவரிசையைப் பாருங்கள், இவர்கள் இன்னும் தயாராகவில்லை" என்று அதே எண்ணைக் காட்டிக் கதவை மூடுவது, என்னைக் கேட்டால், அளக்காமலேயே தீர்ப்பு எழுதுகிற வேலை.