பேச்சிசை: யாப்பு அன்று

பேச்சைக் கேட்பவர் வாக்கியத்தை எவ்வாறு புரிந்துகொள்கிறார் என்பது பற்றிய கட்டுரைகளில் பேச்சின் ஏற்றஇறக்கத்தைக் குறிக்கும் ‘பிராசடி’ (prosody) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘யாப்பு’ என்று எழுதும் வழக்கம் பரவி வருகிறது. ‘நோயாளியின் யாப்புக் குறைபாடு’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தபோது, பாவம், அவருக்கு வெண்பா தட்டுகிறது போலும் என்றே எண்ணத் தோன்றியது.

கிரேக்க ‘ப்ரோசோடியா’ இசையோடு பாடுவதையும் அசையழுத்தத்தையும் குறித்தது. ஆங்கிலத்தில் செய்யுளிலக்கணத்துக்குப் பெயரான அச்சொல், மொழியியலில் குரலின் ஏற்றஇறக்கம், அழுத்தம், நீட்டம், நிறுத்தம் ஆகியவற்றின் தொகுப்புக்கு ஆகிவந்தது. அகராதியில் முதலில் கண்ட பொருளோடு மொழிபெயர்ப்பாளர் நின்றுவிடுகிறார்.

யாத்தல் என்பது கட்டுதல். அசை, சீர், தளை, அடி என்று புலவன் அளந்து கட்டுவது யாப்பு. பேச்சின் இசையோ எங்கே வெட்ட வேண்டும் என்று கேட்பவருக்குக் காட்டுவது. ‘நேற்று வந்த ஆசிரியரின் மகள்’ என்பதில் ‘வந்த’ என்பதன் பின் சற்று நிறுத்தினால் வந்தவள் மகள். ‘ஆசிரியரின்’ வரை ஒரே மூச்சில் சொல்லி நிறுத்தினால் வந்தவர் ஆசிரியர். இதில் தளையும் இல்லை, தொடையும் இல்லை. ‘எழுத்தோரன்ன பொருள்தெரி புணர்ச்சி இசையின் திரிதல் நிலைஇய பண்பே’ என்று, எழுத்து ஒன்றாகவே இருந்தும் பொருள் வேறுபடுவது ஓசையால் தெரியும் என்னும் தொல்காப்பியரே இதற்கு ‘இசை’ என்ற சொல்லைத் தந்திருக்கிறார். ‘செம்பொன்பதின்றொடி’ என்பது செம்பொன் பத்துத் தொடியா (தொடி என்பது ஓர் எடையளவு), செம்பு ஒன்பது தொடியா என்பதை ஓசையே காட்டும் என்று உரையாசிரியர்கள் விளக்கியும் வைத்தார்கள். ஆகவே ‘பேச்சிசை’ என்பதே பொருந்தும். ‘சொல்லிசை’ என்றால் ராப் பாடகர்கள் உரிமை கொண்டாடுவார்கள். ‘தொனி’ அணியிலக்கணத்தில் குறிப்புப் பொருளுக்குப் போய்விட்டது.

இக்கட்டுரைகளில் பேச்சிசையோடு சேர்ந்தே வரும் ‘வொர்க்கிங் மெமரி’ (working memory) என்ற மற்றொரு சொல்லும் இதே கதியில்தான் இருக்கிறது. உளவியலாளர்களான பேட்லியும் ஹிட்சும் 1974இல் முன்வைத்த மாதிரியின்படி, கேட்டதைச் சிறிது நேரம் பிடித்துவைத்துக்கொண்டே அதன்மேல் மனம் வேலை செய்கிறது; அதில் ஒலியைத் தாங்கும் பகுதிக்கு ஏறத்தாழ 2 வினாடிப் பேச்சே கொள்ளும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருவதால், யார், யாரை, எங்கே என்பவற்றையெல்லாம் அதுவரை சுமக்க வேண்டும். பேச்சிசை அவற்றைத் தொகுதிகளாக்கித் தருவதால் சுமை குறைகிறது. இப்படிப் பிடித்துவைத்துக்கொண்டே வேலை செய்யும் திறனை ‘வேலை நினைவகம்’ என்கிறார்கள். நினைவகம் என்பது கணினியின் உறுப்பு, அல்லது தலைவர்களுக்கு எழுப்பும் மண்டபம். மனத்தின் திறனுக்குச் ‘செயல்நினைவு’ போதும், ‘அகம்’ எதற்கு?