‘ஷுட்’ என்பதற்கு ‘வேண்டும்’ பொருந்தாது

கணினி நிரலை எப்படி எழுதுவது என்று விதி வகுக்கும் நடைக் கையேடுகளைத் தமிழாக்குவோர் ‘மஸ்ட்’, ‘ஷுட்’ ஆகிய இரண்டையும் ‘வேண்டும்’ என்றே எழுதிச் செல்கிறார்கள். இதைச் சிறு கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது. விதியின் பொருளே இதனால் மாறிவிடுகிறது.

இச்சொற்களின் எல்லையை வரையறுத்தது 1997 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 2119 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம். அதன்படி ‘மஸ்ட்’ விலக்கற்ற கட்டளை. ‘மே’ அவரவர் விருப்பம். ‘ஷுட்’ என்பதோ, தகுந்த காரணம் இருந்து, விளைவுகளை முழுமையாக எண்ணிப் பார்த்த பின்னரே மீறத்தக்க விதி. பிஎச்பி நிரல்மொழிக்கான பிஎஸ்ஆர்-12 நடைக் கையேடு இந்த வரையறையையே பின்பற்றுகிறது. வரித் தொடக்கத்தின் உள்தள்ளலுக்கு 4 இடைவெளி என்பது அங்கே ‘மஸ்ட்’. வரி 80 குறிகளைத் தாண்டலாகாது என்பது ‘ஷுட்’ அளவில் நிற்கிறது. இரண்டும் ‘வேண்டும்’ ஆனால், 85 குறிகள் கொண்ட வரியையும் திருப்பி அனுப்ப, நிரலைச் சரிபார்க்கும் மதிப்பாய்வாளருக்கு அதிகாரம் கிடைத்துவிடுகிறது.

‘வேண்டு’ என்பதன் பழம்பொருள் விரும்புதல். இன்றைய வழக்கில் அது கட்டளையாக இறுகிவிட்டது.

இதற்கு மாற்றாகச் சிலர் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்கிறார்கள். ஆர்எஃப்சியே ‘ரெக்கமெண்டெட்’ என்பதை ‘ஷுட்’டுக்கு இணையாகத் தருகிறதே என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்த இணை அங்கே வரையறையால் வந்தது; தமிழில் பரிந்துரையை ஏற்பதும் விடுவதும் கேட்பவர் உரிமை, விடுபவர் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. ‘ஷுட்’ கோருவதோ அந்தக் காரணத்தைத்தான். போதாக்குறைக்கு, யார் பரிந்துரைக்கிறார் என்பதையும் அந்தச் செயப்பாட்டுவினை மறைத்துவிடுகிறது. மூலத்தின் சொல்லை மட்டும் பார்த்து, அது இடும் கடமையைப் பாராமல் பெயர்ப்பதால் வரும் வினை இது.

நமக்குத் ‘தகு’ என்ற வேர் இருக்கிறது. செய்யத் தகாததைச் செய்தாலும் கேடு, செய்யத் தக்கதைச் செய்யாவிட்டாலும் கேடு என்று சொல்லும் 466ஆம் குறளில் ‘செய்தக்க’ என்பது இந்த எடையோடுதான் வருகிறது. ஆயினும் ‘எழுதத்தக்கது’ என்றால் இன்று எழுதக்கூடியது என்றும் படிக்கப்படும். ஆகவே ஏகாரம் சேர்த்து ‘எழுதுவதே தக்கது’ என்க. எதிர்மறைக்குத் ‘தகாது’ வேண்டாம்; அதில் ஒழுக்கக்கேட்டின் சாயல் ஏறிவிட்டது. ‘தவிர்ப்பதே தக்கது’ போதும். ‘மஸ்ட்’டுக்குக் ‘கட்டாயம்’, ‘மஸ்ட் நாட்’டுக்குக் ‘கூடாது’, ‘மே’க்கு ‘லாம்’ விகுதி என முதற்பக்கத்திலேயே வரையறுத்துவிட வேண்டும்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் வந்தால் மட்டுமே இச்சொற்களுக்குச் சிறப்புப்பொருள் உண்டு என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. தமிழில் பெரிய எழுத்து இல்லை. தடித்த எழுத்தோ நிரலின் குறிப்புரைக்குள் நகலெடுத்ததும் மறைந்துவிடும். விதியின் கண்டிப்பு முழுவதையும் இங்கே சொல்லே தாங்கியாக வேண்டும்.