குலப்பாணர் அல்லர், குலப்புலவர்

ஸ்காட்லாந்தில் தலைமுறை தலைமுறையாகக் கவி இயற்றிய மாக் வூரிச் குடும்பத்தைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் 'குலப்பாணர்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'பார்டு' என்றிருந்தால் தமிழில் 'பாணர்' என்று எழுதிவிடும் பழக்கத்தின் விளைவு இது.

'பார்டு' என்பது புகழ்ந்து பாடுபவரைக் குறித்த பழைய கெல்டிய வேர்ச்சொல். ஆனால் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கிய கெல்டிய மொழியான கேலிக்கின் உலகில் இலக்கணமும் யாப்பும் வரலாறும் முறையாகக் கற்றவருக்கு 'ஃபிலி' என்றே பெயர். பழைய மரபில் அவர் பார்டுக்கு மேற்பட்ட தகுதியுடையவர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தலைவனொருவனின் அலுவலரைக் கோடரியால் கொன்றுவிட்டு அயர்லாந்திலிருந்து தப்பி வந்த ஒரு ஃபிலியின் வழியினரே மாக் வூரிச் குடும்பத்தார். அவர்கள் முதலில் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை ஆண்ட 'தீவுகளின் தலைவர்'களுக்கும், 1493இல் அத்தலைமை பறிபோன பின் தெற்கு யூயிஸ்ட் தீவில் கிளான்ரானல்ட் என்னும் குலத்தின் தலைவர்களுக்கும் கவி இயற்றினர். அதற்கென நிலமும் பெற்றிருந்தனர்.

பாணரும் பரம்பரையினர், பரிசில் பெற்றவர் என்பர். உண்மைதான்; ஆனால் பரம்பரை ஒன்றாயிருந்தால் தொழிலும் ஒன்றாகிவிடாது. பாணர் யாழிசைத்துப் பாடுபவர். சிறுபாணாற்றுப்படையில் பேசுபவர் பாணர். இயற்றியவர் நல்லூர் நத்தத்தனார் என்னும் புலவர். கேலிக் அவையிலும் இதே பிரிவு உண்டு: ஃபிலி இயற்றுவார், அதை ஓதுவதற்கு வேறொருவர், யாழ் மீட்டுவதற்கு இன்னொருவர். கவி இயற்றும் முறையை 1703இல் மார்ட்டின் மார்ட்டின் என்பவர் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றிய தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார்: கதவும் சன்னலும் அடைத்த அறையில், வயிற்றின் மேல் கல்லை வைத்து, தலையைப் போர்வையால் மூடி, ஒரு நாள் முழுதும் மல்லாந்து கிடந்து செய்யுளை மனத்தில் கட்டுவார்களாம். இப்படிக் கிடப்பவரைப் பாணர் என்று எப்படி அழைப்பது? 'ஃபிலி' என்பதன் வேர்ப்பொருள் 'காண்பவர்'. நம் 'புலவர்' புலம் என்பதன் அடியாகப் பிறந்தது. 'புலப்படுதல்' அதன் உறவுச்சொல். இத்தனை நெருங்கிய சொல் கைவசம் இருக்க, மூலத்தில் என்ன சொல் என்று கேளாமல் ஆங்கிலத்தை மட்டும் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் என்றே சொல்வேன்.

பழைய கேலிக் யாப்பை முழுதும் அறிந்த கடைசிப் புலவர்களில் ஒருவரான நீல் மாக் வூரிச் 1726இல் மறைந்தார். எழுதப் படிக்கக் கற்காத அவர் வழித்தோன்றல் லாக்லன், தம் முன்னோர் வைத்திருந்த தோல் ஏடுகளில் இரண்டு மூன்றைத் தையற்காரர்கள் அளவுநாடாவுக்காக நறுக்கியதைத் தம் கண்ணால் பார்த்ததாக 1800இல் வாக்குமூலம் கொடுத்தார். அந்தக் குடும்பம் இழந்தது யாழையன்று, ஏட்டை.