தயவுசெய்து அந்த 1939 டாலரைத் தேய்க்காதீர்கள்

இந்த மாதமும் ஒன்று வந்தது. கனடாவின் 1939 வெள்ளி டாலர், கண்ணாடி போலப் பளபளவென்று. விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

அந்த ஆண்டு மே, ஜூனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் அவர் மனைவி எலிசபெத் ராணியும் கனடா வந்ததற்காக அடித்த நாணயம் அது. பின்பக்கம் ஒட்டாவா நாடாளுமன்றம். எமானுவேல் ஹான் வடிவமைத்தது.

"பளிச்சென்று இருந்தால் விலை கூடும்" என்கிறார்கள். குத்துவிளக்குக்குச் சரி, நாணயத்துக்கு நேர்மாறு. அச்சு விழும்போது வெள்ளி விளிம்பை நோக்கி நகர்ந்து நுண்கோடுகளை விட்டுச்செல்லும். ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்பினால், சக்கரத்து ஆரங்கள் போல ஒளி சுற்றிவருவது அவற்றால்தான். தேய்த்த காசில் சுற்றாது. முழுப் பரப்பும் ஒரேயடியாக மின்னும். லென்ஸில் மன்னரின் கன்னத்தைப் பாருங்கள்: ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். எழுத்து இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு. புளியும் வெள்ளி கழுவும் திரவமும் கீறாது, மேற்பரப்பையே அரித்துவிடும். போனது போனதுதான்.

இது அரிய காசும் இல்லை. 13,63,816 அடித்தார்கள். எடை 23.33 கிராம், 80 சதவீத வெள்ளி. சுத்த வெள்ளி 18.66 கிராம். அசல் மேற்பரப்பு இருந்தால்தான் வெள்ளி விலைக்கு மேல் பேச முடியும்.

நியூசிலாந்தின் 1949 கிரவுனும் (ஐந்து ஷில்லிங் காசு) மன்னரின் வருகைக்காக அடித்ததுதான். மன்னர் உடல்நலம் குன்றியதால் அந்தப் பயணமே நடக்கவில்லை. அடித்த 2 லட்சம் காசுகள் மட்டும் வெளிவந்தன. அதிலும், ஆஸ்திரேலியாவின் 1954 ஃபுளோரினிலும் (இரண்டு ஷில்லிங் காசு) வெள்ளி பாதிதான். முழு வெள்ளி என்று சொல்லி விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.

வாங்குமுன் எடை போடுங்கள். டாலரின் விட்டம் 36 மி.மீ. காந்தத்தில் ஒட்டினால் போலி. விளிம்பின் உச்சியில் பற்றவைத்த தடம் இருந்தால் அது பதக்கமாகத் தொங்கிய காசு.

விளிம்பை மட்டும் பிடியுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், பச்சையாகப் பிசுபிசுக்கும். பிசுக்கு வந்துவிட்டால் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, துடைக்காமல் காயவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு ஆகாது. நெயில் பாலிஷ் ரிமூவர் அசிட்டோனுக்கு மாற்று அல்ல. ரப்பர் பேண்டும் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்களா? இன்னொரு முறை வேண்டாம். விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.